பழைய பேராலயத்துக்குள் வெயிலைப் படமெடுப்பது: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜார்ஜ் டவுன், ராயபுரம், கோட்டைப் பகுதிகளில் உள்ள பழைய தேவாலயங்களில் ஜன்னல் வழியே இறங்கும் வெயிலைப் படமெடுக்க விரும்புவோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. மணிக்கணக்குகள் சென்னையின் அட்சரேகைக்கு (13 டிகிரி வடக்கு) ஏற்பக் கணக்கிடப்பட்டவை.

வடசென்னையில் இதற்கு ஏற்ற பழைய கோயில்கள் எவை?

அர்மேனியன் தெருவில் உள்ள தூய மரியன்னை இணைப் பேராலயம் முதலில் நினைவுக்கு வரும். 1642-ல் சென்னைக்கு வந்த கப்புச்சின் துறவிகளின் வழியில் வளர்ந்த கோயில் அது. 1952-ல் சென்னை, மயிலாப்பூர் மறைமாவட்டங்கள் இணைந்தபோது சாந்தோம் தலைமைப் பேராலயமாயிற்று, இது இணைப் பேராலயமாயிற்று. அதே தெருவில் 1772-ல் கட்டப்பட்ட அர்மேனியர் கோயில் இருக்கிறது. கூடம் சிறியது. ஆனால் முற்றமும் தாழ்வாரமும் தனியே நிற்கும் மணிக்கூண்டும் சேர்ந்து, நிழலும் வெயிலும் மாறி மாறி விழும் அருமையான இடம். புனித ஜார்ஜ் கோட்டைக்குள் 1680-ல் அர்ச்சிக்கப்பட்ட தூய மரியாள் ஆலயம் உள்ளது. ராயபுரத்தில் படகுத் தொழில் செய்த சமூகத்தார் எழுப்பிய இராயப்பர் (புனித பேதுரு) ஆலயம் உள்ளது.

எழும்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் கர்க் (1821) வடசென்னைக் கணக்கில் சேராது. ஆனாலும் வட்டமான கூடமும் குவிமாடமும் உள்ள கட்டடத்தில் வெயில் எப்படி ஊர்கிறது என்று பழகிக்கொள்ள அங்கே ஒருமுறை போய் உட்கார்ந்துவிட்டு வரலாம்.

எந்த மாதம் போகலாம்?

ஜனவரி நடுவில் தொடங்கி மார்ச் இறுதிவரை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும், வெயிலும் சாய்ந்திருக்கும். டிசம்பரில் சாய்வு இன்னும் அதிகம்தான். ஆனால் கிறிஸ்துமஸுக்காகத் தொங்கும் காகித நட்சத்திரங்களும் தோரணங்களும் சீரியல் விளக்குகளும் ஒளியின் பாதையில் குறுக்கிடும். ஜனவரி முதல் வாரம் தாண்டினால்தான் அவற்றை இறக்குவார்கள். போகி காலையைத் தவிர்த்துவிடுங்கள். ஊரெங்கும் புகை சூழ்ந்திருப்பதால் வெயில் சோர்ந்து, உள்ளே கூர்மையான விளிம்பே விழாது.

கோடையில் சூரியன் உச்சந்தலைக்கு ஏறிவிடுகிறது. ஏப்ரல் 24, 25 வாக்கிலும் ஆகஸ்ட் 17, 18 வாக்கிலும் சென்னையில் உச்சிப்பொழுதுக்குச் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும். அந்த நாட்களின் நண்பகலில் எந்த ஜன்னல் வழியாகவும் வெயில் உள்ளே எட்டாது. இரண்டு தேதிகளுக்கும் இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் சூரியன் வடக்குப் பக்கம் போய்விடும், மற்ற மாதங்களில் தெற்கே இருக்கும்.

எந்த நேரம்?

இதற்கு ஒரே பதில் கிடையாது. ஆனால் கணக்குப் போட்டுவிடலாம். ஜன்னலின் மேல்விளிம்பு தரையிலிருந்து 5 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்ளுங்கள். டிசம்பர் 21 காலை 8 மணிக்குச் சூரியனின் உயரம் ஏறக்குறைய 19 டிகிரி. ஜன்னலுக்கு நேராக விழுந்தால் வெயில் 14 மீட்டர் தூரம் உள்ளே போகும். ஜூன் 21 அன்று அதே 8 மணிக்கு உயரம் 30 டிகிரி, வெயில் எட்டரை மீட்டரில் நின்றுவிடும். தெற்கு ஜன்னலில் டிசம்பர் உச்சிப்பொழுதுக்கு (53 டிகிரி) நாலு மீட்டருக்கும் குறைவாகத்தான் நுழையும். வடக்கு ஜன்னலில் ஜூன் உச்சிப்பொழுதுக்கு ஒரு மீட்டர்கூட வராது.

சூரியன் எழும் திசையும் நகர்கிறது. மார்ச் 20, செப்டம்பர் 22 வாக்கில் நேர் கிழக்கு. டிசம்பரில் அதிலிருந்து 24 டிகிரி தெற்கே, ஜூனில் 24 டிகிரி வடக்கே. பழைய தேவாலயங்களில் பலவற்றைப் பீடம் கிழக்கே இருக்கும்படி கட்டுவது மரபு. அப்படிப்பட்ட கோயிலில் பீடத்துக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால், மார்ச், செப்டம்பர் காலைகளில்தான் ஒளி நடுக்கூடத்தின் நீளவாக்கில் நேராக ஓடும். ஆனால் எல்லாக் கோயிலும் அப்படி இல்லை. இடம் வாய்த்தபடி கட்டியவையும் உண்டு. முதல்முறை போகும்போதே மொபைல் திசைகாட்டியைக் கோயிலுக்கு வெளியே, இரும்புக் கதவு, கம்பி வேலி, நிறுத்திய வண்டிகளிலிருந்து தள்ளி நின்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே பார்த்தால் இரும்பு உத்திரங்களும் கம்பிகளும் முள்ளைத் திருப்பிவிடும்.

உச்சிப்பொழுது என்பது கடிகாரத்தில் 12 அல்ல. சென்னை இந்திய நேரத்துக்கான தீர்க்கரேகையிலிருந்து சற்று மேற்கே இருப்பதாலும், ஆண்டு முழுவதும் சூரியனின் ஓட்டம் சீராக இல்லாததாலும், நவம்பர் தொடக்கத்தில் அது 11:52-க்கே வந்துவிடும். பிப்ரவரி நடுவில் 12:23 ஆகிவிடும். நவம்பரில் குறித்துவைத்த நேரத்தை நம்பிப் பிப்ரவரியில் போனால் ஒளி வேறு தூணில் நிற்பதற்கு இந்த அரைமணி நேர வித்தியாசமும் ஒரு காரணம். சன் சர்வேயர், போட்டோபில்ஸ் போன்ற செயலிகள் இவற்றையெல்லாம் தேதிவாரியாகக் காட்டும்.

செயலி காலை 7 மணிக்கே வெயில் வரும் என்கிறது. 9 ஆகியும் உள்ளே வரவில்லையே?

செயலிக்கு எதிர்க் கட்டடம் தெரியாது. ஜார்ஜ் டவுனில் தெருக்கள் குறுகல், கட்டடங்கள் நெருக்கம். ஜன்னல் மட்டத்துக்கு மேல் 15 மீட்டர் உயரமுள்ள கட்டடம் 20 மீட்டர் தள்ளி நின்றால், சூரியன் 37 டிகிரி ஏறும்வரை அந்த ஜன்னலுக்கு நேர் வெயில் கிடையாது. டிசம்பர் கடைசியில் அந்த உயரத்தை எட்டக் காலை 9:30 ஆகிவிடும், ஜூன் கடைசியில் 8:30. செயலியின் கேமரா திரையில் சூரியனின் பாதையை ஜன்னலுக்கு வெளியே தெரியும் கூரைவிளிம்பின் மேல் பொருத்திப் பார்த்தால், எத்தனை மணிக்கு எந்த மொட்டைமாடிக்கு மேல் வெயில் எட்டிப்பார்க்கும் என்று நிமிடக் கணக்கில் கிடைக்கும். மரம் இருந்தால் இன்னும் கவனம் தேவை. இலை உதிர்ந்த பருவத்தில் கிடைத்த ஒளி, தளிர் விட்டபின் கிடைக்காது.

கடலோரம் என்பதால் ராயபுரம் பக்கம் கிழக்கு அடிவானத்தில் உப்புக் காற்றும் துறைமுகத் தூசியும் ஒரு படலமாக நிற்கும். எதிரே மறைப்பே இல்லாத ஜன்னலிலும் சூரியன் பத்து டிகிரியாவது ஏறிய பிறகுதான் நிழலின் விளிம்பு நறுக்கென்று விழும்.

கோட்டை ஆலயத்தில் வெயில் சில நிமிடங்களே நிற்பது ஏன்?

சுவரின் தடிமன்தான் காரணம். அந்த ஆலயம் பீரங்கிக் குண்டையும் தாங்கட்டும் என்று மரமே இல்லாத வளைவுக் கூரையோடு கட்டப்பட்டது. வெளிச்சுவர் ஏறக்குறைய 4 அடி. அவ்வளவு தடித்த சுவரில் 4 அடி அகல ஜன்னல் இருந்தால், ஜன்னலுக்கு நேர்க்கோட்டிலிருந்து 45 டிகிரிக்கு மேல் விலகிய வெயில் ஜன்னலின் பக்கச் சுவரிலேயே மோதி நின்றுவிடும். 30 டிகிரி விலகினாலே 120 சென்டிமீட்டர் ஜன்னலில் 51 சென்டிமீட்டர் அகலப் பட்டைதான் உள்ளே நுழையும்.

கிழக்குப் பார்த்த ஜன்னலை எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் 20 காலை 8 மணிக்குச் சூரியன் நேர் கிழக்கிலிருந்து 6 டிகிரிதான் விலகியிருக்கும். ஜன்னலின் முழு அகலத்துக்கும் கிட்டத்தட்ட வெயில் வரும். டிசம்பர் 21-ல் அதே நேரம் 31 டிகிரி விலகல், பட்டை பாதிக்கும் கீழே சுருங்கிவிடும். தடித்த சுவர் இப்படி நேரத்தைக் குறைக்கிறது, ஆனால் ஒன்றைத் திருப்பித் தருகிறது: சிதறிய வான வெளிச்சம் அதிகம் நுழையாததால் கூடம் இருட்டாக இருக்கும், வரும் ஒளி தனித்து நிற்கும். மெல்லிய சுவரும் பெரிய ஜன்னல்களும் கொண்ட கோயிலில் இந்த அழுத்தம் கிடைக்காது. தடித்த சுவர்க் கோயிலைத் தேடிப் போங்கள். காத்திருப்பது வீண் போகாது.

ஒளிக்கற்றை கண்ணுக்குத் தெரிகிறது, படத்தில் காணோமே?

கற்றையாகத் தெரிவது காற்றில் மிதக்கும் துகள்களில் பட்டுச் சிதறும் ஒளி. அது மிக மங்கலானது. பின்னால் வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர் இருந்தால் சுவரின் வெளிச்சம் அதை விழுங்கிவிடும். நம் கோயில்கள் பெரும்பாலும் உள்ளே வெள்ளையடித்தவை என்பதால் இங்கே பலரும் ஏமாறுவது இதில்தான். கற்றைக்குப் பின்னால் இருட்டான பொருள் ஒன்று வர வேண்டும்: தேக்குக் கதவு, பாவசங்கீர்த்தனத் தொட்டி (குருவிடம் பாவ அறிக்கை செய்யும் மரக்கூண்டு), பாடகர் மாடத்தின் அடிப்பக்க நிழல், எதிர்த் தாழ்வாரம். இரண்டடி இடம் மாறி நின்றால் அதுவே போதும்.

நிற்கும் பக்கமும் முக்கியம். துகள்கள் ஒளியை முன்னோக்கியே அதிகம் சிதறடிக்கும். ஆகவே வெயில் வரும் திசையை நோக்கி, ஜன்னல் படச்சட்டத்துக்குச் சற்று வெளியே இருக்கும்படி நின்றால் கற்றை பளிச்சென்று தெரியும். சூரியனை முதுகில் வைத்துக்கொண்டு எடுத்தால் அதே கற்றை மறைந்துபோகும்.

பிறகு கதவுகள். பெரிய வாசல் திறந்திருந்தால் கூடம் முழுக்க வெளிச்சம் பரவிக் கற்றையைக் கரைத்துவிடும். கோயில்பிள்ளையிடம் (கோயிலைப் பராமரிக்கும் ஊழியர்) மரியாதையாகக் கேட்டு, வழிபாடு இல்லாத நேரத்தில் பெரிய கதவையும் எதிர்ப்பக்க ஜன்னல்களையும் பத்து நிமிடம் சாத்தச் சொல்லுங்கள். ட்யூப்லைட்டுகளையும் அணைக்க முடிந்தால் நல்லது. எந்த விலை லென்ஸும் செய்யாத வேலையை அந்தச் சாத்திய கதவு செய்யும். சாய்சட்டம் வைத்த பழைய மரக் கதவுகள் உள்ள இடத்தில் சட்டங்களைப் பாதி திறந்தால் கற்றை பட்டை பட்டையாகப் பிரியும்.

சாம்பிராணி நாமே போட்டுக்கொள்ளலாமா?

கூடாது. புகைக்குண்டு, முகப்பவுடர், மாவு எதுவும் கூடாது. அது வழிபாட்டு இடம். தூசி பழைய ஓவியங்களிலும் சுரூபங்களிலும் படிந்தால் துடைக்கவும் முடியாது. தூபம் காட்டும் வழிபாடுகள் கோயிலிலேயே உண்டு: திருவிழாத் திருப்பலிகள், நற்கருணை ஆசீர். அவை முடிந்து மக்கள் கலைந்த பிறகு கொஞ்ச நேரம் புகை மேலே மிதந்துகொண்டிருக்கும். மின்விசிறி நின்றபின் அது அடுக்கடுக்காகத் தங்கும், அதுவே சரியான தருணம். கோயிலைப் பெருக்கி முடித்த கால்மணி நேரத்திலும் தூசி அந்தரத்தில் இருக்கும். எந்தக் கிழமை, எத்தனை மணிக்குப் பெருக்குகிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்போஷர் எப்படி வைப்பது?

வெயில் விழும் இடத்துக்கு வையுங்கள். இருட்டு இருட்டாகவே இருக்கட்டும். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் மனதில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

வெளியே நடுப்பகல் வெயிலுக்கு ஐஎஸ்ஓ 100, எஃப்/16, 1/125 நொடி. உள்ளே தூணின் நிழல் மூலைக்கு அதைவிடப் பத்து ஸ்டாப் கூடுதல் வெளிச்சம் தேவைப்படலாம். ஒரு ஸ்டாப் என்பது இரண்டு மடங்கு, பத்து ஸ்டாப் என்றால் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. கேமராவின் தானியங்கி அளவீடு கூடம் முழுவதையும் சராசரி பார்த்து, இருட்டைத் தூக்கி, வெயில் பட்ட இடத்தை வெறும் வெள்ளைத் திட்டாக ஆக்கிவிடும். வெள்ளையாக வெந்துபோன இடத்தில் பிறகு எதையும் மீட்க முடியாது. இருட்டை ஓரளவு மீட்கலாம்.

ஆகவே ஸ்பாட் மீட்டரிங், அதாவது சட்டகத்தில் ஒரு சிறு இடத்தை மட்டும் அளப்பது. வெயில் விழுந்த சுண்ணாம்புச் சுவரை அளந்தால் கேமரா அதைச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வரை கூட்டி வையுங்கள், வெள்ளை வெள்ளையாகவும் பூச்சின் சொரசொரப்பு தெரியும்படியும் இருக்கும். சிவப்புத் தரை, மர பெஞ்சு என்றால் அளந்தபடியே வைக்கலாம். பிறகு மேனுவலில் பூட்டிவிடுங்கள். வெயில் ஊர்ந்தாலும் அதன் அளவு சில நிமிடங்களுக்கு மாறாது, ஆனால் தானியங்கி ஒவ்வொரு படத்துக்கும் மனசு மாறும். மேகம் கடந்தால் மட்டும் மீண்டும் அளக்க வேண்டும்.

கற்றையை மட்டும் எடுக்க, தொடங்குவதற்கு ஓர் அளவு: ஐஎஸ்ஓ 400, எஃப்/5.6, 1/60 நொடி. ட்ரைபாட் இருந்தால் அதே வெளிச்சத்துக்கு ஐஎஸ்ஓ 100, எஃப்/8, 1/8 நொடி. இரண்டும் ஒன்றல்ல. 1/60-ல் புகையின் சுருள் சுருளாகவே பதியும். 1/8-க்கும் கீழே போகப் போகப் புகை கலந்து மழமழவென்று ஒரே பட்டையாகும். சுருள் வேண்டுமா, பட்டை வேண்டுமா என்று முதலில் முடிவுசெய்துவிட்டு அப்புறம் எண்ணைத் திருப்புங்கள். ரா ஃபைலில் (கேமரா திருத்தாமல் அப்படியே சேமிக்கும் கோப்பு) எடுப்பது இங்கே கட்டாயம் என்றே சொல்லலாம்.

பல எக்ஸ்போஷர்களை ஒன்றுசேர்க்கும் ஹெச்டிஆர் உதவாதா?

காலிக் கூடத்தின் கட்டடக் கலையை ஆவணப்படுத்த உதவும். ட்ரைபாடில், இரண்டு ஸ்டாப் இடைவெளியில் ஐந்து படங்கள் எடுங்கள். அப்பெர்ச்சரை மாற்றாமல் ஷட்டரை மட்டும் மாற்றுங்கள். ஆனால் வெயிலே பொருளாக இருக்கும் படத்துக்கு அது எதிரி. எல்லா மூலையையும் சமமாக வெளிச்சமாக்கிவிட்டால் வெயிலுக்கு அங்கே என்ன வேலை? படங்களுக்கு இடையில் புகை நகர்ந்திருக்கும், விசிறி சுழன்றிருக்கும், ஒன்றன்மேல் ஒன்று பேய்போல் நிற்கும். ஜன்னல் விளிம்பைச் சுற்றி ஒளிவட்டம் வரும்.

தரையில் வெயில்திட்டின் விளிம்பு ஏன் மங்கலாக இருக்கிறது? சின்ன வட்டங்கள் விழுவது எப்படி?

சூரியன் புள்ளி அல்ல, வானில் அரை டிகிரி அகலமுள்ள தட்டு. அதனால் நிழலின் விளிம்பு, தூரத்தில் ஏறக்குறைய நூற்றெட்டில் ஒரு பங்கு அகலத்துக்கு மங்கும். ஜன்னலிலிருந்து 5 மீட்டர் தள்ளி விழும் திட்டுக்கு நாலரை சென்டிமீட்டர் மங்கல் விளிம்பு இருக்கும். அது ஃபோகஸ் பிழை அல்ல. கூர்மையான விளிம்பு வேண்டுமென்றால் ஜன்னலுக்கு அருகே உள்ள பெஞ்சிலோ பக்கச் சுவரிலோ விழும் ஒளியைத் தேடுங்கள்.

கூரையிலோ கதவிலோ உள்ள சின்ன ஓட்டை வழியே வரும் ஒளி, ஓட்டை எந்த வடிவில் இருந்தாலும் வட்டமாகவே விழும். அது சூரியனின் பிம்பம். ஆறரை மீட்டர் தள்ளி விழுந்தால் குறுக்களவு 6 சென்டிமீட்டர். சாய்ந்த தரையில் நீள்வட்டமாகும்.

திட்டு நகரும் வேகத்தையும் தெரிந்துகொள்ளுங்கள்: ஜன்னலிலிருந்து 10 மீட்டர் தூரத்தில் நிமிடத்துக்கு 4 சென்டிமீட்டருக்குச் சற்று மேல், சாய்ந்து விழுந்தால் இன்னும் வேகம். சுரூபத்தின் முகத்தில் மட்டும் வெயில் படும் நிலை மூன்று, நான்கு நிமிடங்களில் முடிந்துவிடும். ஃபோகஸ், சட்டகம், அளவு எல்லாவற்றையும் பத்து நிமிடம் முன்பே முடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

வண்ணக் கண்ணாடி ஜன்னல்?

இங்கே இரண்டு வேறு படங்கள் இருக்கின்றன, குழப்பிக்கொள்ளாதீர்கள். கண்ணாடியையே எடுக்க வேண்டுமென்றால் அதன் மேல் நேர் வெயில் வேண்டாம். மேகமூட்டமான நாளில், அல்லது வெயில் எதிர்ப்பக்கம் இருக்கும்போது, நிறங்கள் சீராக ஒளிரும். நேர் வெயிலில் ஒரு மூலை மட்டும் எரிந்து மற்றவை மங்கும். சுவரிலோ தரையிலோ விழும் நிறத்தை எடுக்க நேர் வெயில்தான் வேண்டும், வெள்ளைச் சுவர்தான் வேண்டும், ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் வேண்டும். தள்ளிப் போகப் போக மேலே சொன்ன மங்கல் காரணமாக நிறங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

அடர்ந்த சிவப்பும் நீலமும் தனித்தனி வண்ண அலைவரிசையில் முதலில் வெந்துபோகும். பொதுவான ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) சரியாகவே காட்டும், சிவப்பு மட்டும் விளிம்பில் முட்டிக்கொண்டிருக்கும். மூன்று நிறங்களுக்கும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்து பார்த்து, தேவைப்பட்டால் ஒரு ஸ்டாப் குறைத்துவிடுங்கள்.

நிறம் பச்சையடிக்கிறது, படத்தில் கோடு கோடாக வருகிறது. ஏன்?

பச்சை ட்யூப்லைட்டிலிருந்து வருகிறது. அணைக்க முடியாவிட்டால் அந்த வெளிச்சம் விழும் பகுதியைச் சட்டகத்தில் சேர்க்காதீர்கள். இரண்டு வகை வெளிச்சத்தையும் ஒரே திருத்தத்தில் சரிசெய்ய முடியாது. வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விடாமல் 5200 கெல்வினில் நிறுத்துங்கள். தானியங்கி, காலை வெயிலின் மஞ்சளை ஒரு குறையாக நினைத்துத் துடைத்துவிடும்.

கோடுகள் நம் மின்சாரத்தால் வருபவை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு நொடிக்கு 100 முறை மினுக்குகிறது. ஓசையில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் அது பட்டையாகப் பதியும். 1/100, 1/50, 1/25 வேகங்களில் பெரும்பாலும் மறையும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறினாலும் குறையும், ஆனால் அந்தச் சத்தம் அமைதியான கோயிலில் தூக்கிக் கேட்கும்.

ட்ரைபாட் விடுவார்களா?

முன்கூட்டியே கேட்டால்தான். கால்களில் ரப்பர் குப்பி இருக்க வேண்டும், ஆணிமுனை தரையைக் கீறும். தரையில் பதித்த கல்லறைக் கல்வெட்டுகளின் மேல் எந்தக் காரணத்துக்காகவும் ஊன்றாதீர்கள். அனுமதி இல்லையென்றால் துணிப்பையில் அரைக்கிலோ பச்சைப்பயறு கட்டிக்கொண்டு போய், பெஞ்சின் முதுகுச் சட்டத்தில் வைத்து அதன்மேல் கேமராவை அமுக்குங்கள். இரண்டு நொடி டைமர் வைத்தால் 1/4 நொடிவரை தாங்கும். பீடத்தின் மேலோ அதன் படிகளிலோ எதையும் வைக்க வேண்டாம்.

எந்த லென்ஸ்?

கூடம் முழுவதற்கும் 16 முதல் 24 மி.மீ. கேமராவை மட்டமாகப் பிடியுங்கள், அண்ணாந்தால் தூண்கள் உள்பக்கம் சாயும். ஆனால் நல்ல வெயில் படங்கள் அதிகம் கிடைப்பது 50, 85-ல்தான்: ஒரு பெஞ்சு, ஒரு தூணின் இடுப்பு, திறந்த வேதாகமத்தின் பக்கம். வெயிலை எதிர்த்து எடுக்கும்போது மலிவான யூவி ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். பச்சைப் புள்ளிகள் பெரும்பாலும் அதன் வேலை. கடற்காற்றின் உப்புப் படலம் லென்ஸில் இருந்தாலும் கறுப்பு சாம்பலாக வெளுக்கும். லென்ஸ் துடைக்கும் திரவத்தில் லேசாக நனைத்த துணியால் துடைத்துவிட்டு உள்ளே போங்கள்.

மொபைலில் முடியுமா?

முடியும். வெயில் விழுந்த இடத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டும். சூரியக் குறியைக் கீழே இழுத்து, சுவரின் சொரசொரப்பு தெரியும்வரை குறையுங்கள். நைட் மோடை அணைத்துவிடுங்கள், அது பல படங்களைச் சேர்த்து இருட்டைத் தூக்கிவிடும். புரோ மோடும் ரா வசதியும் இருந்தால் பயன்படுத்துங்கள். முக்கிய லென்ஸையே பயன்படுத்துங்கள். பல மொபைல்களில் அகலக்கோண லென்ஸ் இருட்டில் நொறுங்கிவிடும்.

உள்ளே போனதும் லென்ஸில் பனி படிகிறதே?

ஏசி காரிலோ மெட்ரோவிலோ குளிர்ந்த கேமரா, சென்னையின் ஈரக்காற்றில் பட்டதும் வியர்க்கிறது. மண்ணடியிலோ உயர் நீதிமன்ற நிலையத்திலோ இறங்கியதும் பையைத் திறக்காதீர்கள். மூடியபடியே அரைமணி நேரம் கோயில் தாழ்வாரத்தில் வைத்தால் வெப்பம் சமமாகிவிடும். துணியால் துடைத்துத் தப்பிக்க முடியாது, மறுபடி படியும். இந்த அரைமணியையும் கணக்கில் சேர்த்து முன்னதாகக் கிளம்புங்கள். வீட்டில் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகா டப்பாவில், 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் வைத்தால் பூஞ்சை அண்டாது.

அனுமதி யாரிடம் கேட்பது?

கத்தோலிக்கக் கோயிலென்றால் பங்குத்தந்தையிடம், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயமென்றால் ஆயரிடமும் (சபைப் போதகர்) சபை அலுவலகத்திலும். ஒரு பக்கக் கடிதம் போதும்: பெயர், என்ன நோக்கம், எந்தத் தேதி, எந்த நேரம், என்ன கருவிகள், படங்களை எங்கே பயன்படுத்துவீர்கள். அடையாள அட்டை நகலை இணையுங்கள். நாளை வருகிறேன் என்று கேட்காமல் ஒரு வாரம் முன்பே கேளுங்கள். திருமணம், அடக்கத் திருப்பலி எப்போது வரும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். எடுத்த படங்களில் நல்ல பிரதி ஒன்றைக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள், அது நியாயம்.

கோட்டை ஆலயத்துக்குத் தலைமைச் செயலக வளாகத்தின் பாதுகாப்பைத் தாண்டியே போக வேண்டும். பெரிய கேமராப் பையும் ட்ரைபாடும் வாசலிலேயே கேள்விக்குள்ளாகும். உள்ளே அனுமதி கிடைத்தாலும் வழியில் வளாகத்தைப் படமெடுக்கக் கூடாது. கோட்டை, துறைமுகம், உயர் நீதிமன்றம் எல்லாம் அடுத்தடுத்து உள்ள பகுதி இது. ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

வழிபாடு நடக்கும்போது எடுக்கலாமா? எந்த நாட்களைத் தவிர்க்க வேண்டும்?

திருப்பலியின்போது கேமராவைக் கீழே வைத்துவிட்டு உட்காருங்கள். ஒளி எங்கே விழுகிறது என்று கவனிக்க அந்த நேரம் போதும். செவ்வாய்க்கிழமை அந்தோணியார் பக்தர்கள் அர்மேனியன் தெருவில் திரளாக வருவார்கள், சாதி மத வேறுபாடின்றி வேண்டுதலோடு வருபவர்கள். அன்றும், ஜூன் 13 அந்தோணியார் திருநாளிலும், ராயபுரத்தில் ஜூன் 29 இராயப்பர் திருநாளிலும் படமெடுக்கும் எண்ணத்தோடு போக வேண்டாம். தவக்காலக் கடைசி வாரங்களில் சுரூபங்களைத் துணியால் மூடும் வழக்கமுள்ள கோயில்களும் உண்டு.

கண்மூடி ஜெபிப்பவரின் முகத்தில் வெயில் விழுவது எவ்வளவு அழகாக இருந்தாலும், அவர் எழுந்து வந்தபின் கேட்டுச் சம்மதம் பெறாமல் அந்தப் படத்தை வெளியிடாதீர்கள். பின்னாலிருந்து நிழலுருவாக எடுத்தாலும் கேட்பதே முறை. பாவசங்கீர்த்தனம் செய்பவரை எடுக்கவே கூடாது. ஃப்ளாஷ் எந்த நேரத்திலும் வேண்டாம், வெயிலையும் அது கொன்றுவிடும்.

கணினியில் எவ்வளவு திருத்தலாம்?

முதலில் செங்குத்துக் கோடுகளை நிமிர்த்துங்கள். பிறகு ஹைலைட்டைக் கொஞ்சம் இறக்குங்கள். நிழலை ஒன்றரை ஸ்டாப்புக்கு மேல் தூக்க வேண்டாம், தூக்கினால் வண்ணப் புள்ளிகள் எழும்பும், கூடத்தின் இருட்டும் பொய்யாகிவிடும். மூடுபனியை நீக்கும் டீஹேஸ் வசதியை முழுப் படத்துக்கும் போட்டால் கற்றையையும் மூடுபனியென்று நினைத்து அழித்துவிடும். பிரஷ் கொண்டு கற்றையில் மட்டும் எதிர்த்திசையில் ஐந்து, பத்து அளவு வைத்தால் அது சற்று மேலெழும். இல்லாத கதிரை வரைந்து சேர்க்க வேண்டாம். அந்தக் கோயிலில் தினமும் உட்காருபவர்களுக்கு எந்த ஜன்னலில் எந்த மாதம் வெயில் வரும் என்று தெரியும், பார்த்த உடனே சொல்லிவிடுவார்கள்.

ஃபிலிமில் எடுக்கலாமா?

400 வேக நெகட்டிவ் நன்றாகவே தாங்கும். அது டிஜிட்டலுக்கு நேர்மாறு: மிகை வெளிச்சத்தைப் பொறுத்துக்கொள்ளும், குறை வெளிச்சத்தைப் பொறுக்காது. ஆகவே நடுத்தர நிழலை அளந்து, மீட்டர் அந்த நிழலைச் சாம்பலாக்கும் அளவுக்கு மிகையாகக் காட்டுவதால், ஒரு ஸ்டாப் மட்டும் குறைத்து வையுங்கள். ஸ்லைடு ஃபிலிமில் வெயில்திட்டை மட்டுமே அளக்க வேண்டும், அரை ஸ்டாப் பிசகினாலும் தெரியும். ஒரு நொடிக்கு மேல் போனால் பல ஃபிலிம்களின் உணர்திறன் குறையும். பெட்டியோடு வரும் தாளில் எவ்வளவு கூட்ட வேண்டும் என்று பார்த்துக் கூட்டுங்கள்.